மெட்டுக்கு மேலே சொல்லாத சொல்

1

மலைத் தோட்டங்களில் வேலைக்குச் சேர, அன்றாடம் பேசுவதற்கு எந்தெந்த இங்கிலீஷ் சொற்களைப் படித்துக்கொள்ள வேண்டும் என்று போடிநாயக்கனூர் இளைஞர் ஒருவர் இந்தப் பத்திரிகை மூலமாக என்னைக் கேட்டிருக்கிறார். கேள்வி மரியாதையாகத்தான் இருக்கிறது. படித்தபோது எனக்கு வந்தது எரிச்சல். ஒரு மூட்டைச் சொல்லைக் கட்டித் தலையில் ஏற்றிவிட்டால் மலை தானாக வழிவிடும் என்று கீழே இருப்பவர்கள் எல்லோருமே நினைக்கிறார்கள்.

இது ஆவணி மாதம். சார்வரி வருஷம் இதே ஆவணியில்தான் நான் போடிமெட்டுக் கணவாயைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தேன். இங்கிலீஷ் கணக்கில் அது 1900. மலையாளக் கணக்கில் 1076. ஒரே நாளுக்கு மூன்று தேதி போட்டு எழுத வேண்டிய ஊரில் பதினாறு வருஷமாக ஏலக்காய் ஸ்டோரில் கணக்கெழுதுகிறேன். கப்பல் ஏறிப் போனவனைத்தான் பரதேசம் போனவன் என்பீர்கள். நான் கடலைப் பார்த்ததே இல்லை. ஸ்டோருக்குப் பின்னால் உள்ள பாறை விளிம்பில் நின்றால், மேகம் இல்லாத நாளில், போடியின் கண்மாய் தெரியும். ஆனால் அங்கே போக வேண்டுமென்றால் மெட்டில் உள்ள திருவிதாங்கூர் சுங்கச் சவுக்கையில் நின்று, நான் எந்த ராஜாவின் பிரஜை, மூட்டையில் புகையிலை உண்டா, உப்பு உண்டா என்று பதில் சொல்லியாக வேண்டும். என் தாய்மாமன் இறந்த செய்தி கேட்டு இறங்கியபோதும் சவுக்கைப் பிள்ளை மூட்டையைப் பிரித்துத்தான் பார்த்தார். மாற்று வேட்டிக்குள் கையை விட்டுத் துழாவினார். பக்கத்தில் என் மனைவி அழுதுகொண்டு நின்றாள். இது பரதேசம் இல்லையென்றால் வேறு எது?

2

இளைஞர் கேட்ட சொற்களுக்கு வருகிறேன். அவை என் வீட்டுக்குள் வந்த கதையைச் சொன்னால்தான் அவற்றின் லட்சணம் தெரியும்.

என் தங்கை வெள்ளையம்மாள். ராசிங்காபுரத்தில் வாழ்க்கைப்பட்டாள். பரிதாபி வருஷம் அவள் கணவர் இறந்தார், குழந்தை இல்லை. கொழுந்தன் வீட்டில் மாட்டுக்கொட்டகைக்கு ஓர் ஆளாக அவளை வைத்துக்கொண்டார்கள். விடிந்ததிலிருந்து சாணமும் தண்ணீரும்தான். கிணற்றடியில் வழுக்கி விழுந்து அவளுடைய வலது முழங்கால் மடங்காமல் போன பிறகும் வேலை குறையவில்லை. அடுத்த ஆவணியில் நான் போய்ப் பார்த்துவிட்டு அவளை மேலே கூட்டிக்கொண்டு வந்தேன்.

தோட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. வேலைக்குப் பேர் பதியாதவர்கள் கூலி ஆட்களின் வரிசை வீடான லயத்தில் தங்கக்கூடாது. விருந்தாளி என்றால் ஒரு மாதம். ஏலக்காய்ச் செடியோ தலைக்கு மேலே வளர்ந்து, காயை மட்டும் காலடியில் தரையோடு சரம் சரமாக விடும். பறிக்கிறவள் நாள் முழுவதும் குந்தி உட்கார வேண்டும். மடங்காத முழங்காலை வைத்துக்கொண்டு வெள்ளையம்மாளால் ஒரு சரம்கூடப் பறிக்க முடியாது.

மாதம் முடியும் முன்பே கொழுந்தன் வந்து நின்றார்.

"மதினி, மாடு கண்ணு தண்ணியில்லாமக் கெடக்கு. சோலி அம்புட்டும் அப்பிடியே நிக்கிது. வெரசாக் கெளம்புங்க."

"என் காலு கெடக்குற கெடையப் பாத்தீகளா?"

"மாட்டுக்குத் தண்ணி காட்டுறதுக்குக் காலு எதுக்கு? கை இருக்குல்ல?"

நான் குறுக்கே புகுந்து, இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லி அவரை அனுப்பினேன். "தீவாளிக்குள்ள வரலேன்னா நானே வந்து இழுத்துட்டுப் போவேன், மச்சான். பெறகு வருத்தப்படாதீக" என்றுவிட்டுத்தான் இறங்கினார். வெள்ளையம்மாள் அன்று சாப்பிடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஒரு பெண்பிள்ளை வேண்டும் என்ற பேச்சு வந்தது. மாதம் ஒருமுறை வரும் டாக்டர் துரைக்குத் தமிழ் தெரியாது. பெண்கள் தங்கள் உடம்பைப் பற்றிக் கம்பவுண்டரிடம் வாய் திறக்க மாட்டார்கள். இரவில் தூங்கினாளா, கஞ்சி குடித்தாளா, வயிறு போனதா என்பதை இங்கிலீஷில் சொல்ல ஒருத்தி இருந்தால் போதும். சூப்பிரண்டு துரையின் மனைவி, நாங்கள் துரைசாணி என்று சொல்கிறவள், வெள்ளையம்மாளைத் தானே பழக்கி எடுப்பதாகச் சொன்னாள்; அதுவரை லயத்தில் தங்கவும் விட்டார்கள். முடிவில் ஒரு சோதனை. தேறினால் வேலை, லயத்தில் ஓர் அறை. தவறினால் ராசிங்காபுரம்.

3

துரைசாணியிடம் சீமையிலிருந்து வந்த படச்சீட்டுக் கட்டு ஒன்று இருந்தது. அன்றாட வாழ்க்கைக்கு வேண்டிய சொற்கள் என்று மேலே அச்சிட்டிருந்தது. யாருடைய அன்றாடம் என்று அச்சிடவில்லை.

அதில் கணப்பு அடுப்பு இருந்தது, பூனை இருந்தது, தபால்காரர் இருந்தார். அட்டைப்பூச்சி இல்லை. காட்டுக்குள் ஒருநாள் போய் வந்தால் காலில் பத்து கடிக்கும் அந்தப் பூச்சிக்குப் படம் போட அவர்களுக்குத் தோன்றவில்லை. ஸ்டோருக்குள் காய் உலரும் சூடு, இரவெல்லாம் நனையும் கம்பளி, ஈர விறகின் புகையால் வரும் கண்ணெரிச்சல் எதுவும் இல்லை. சாப்பாட்டுக்கு மட்டும் காலைக்கு ஒன்று, மத்தியானத்துக்கு ஒன்று, சாயங்காலத்துக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என நான்கு பெயர்.

"எதுக்குண்ணே நாலு பேரு?" என்றாள் வெள்ளையம்மாள். "காலைல குடிக்கிறதும் கஞ்சி, ராத்திரி குடிக்கிறதும் அதே கஞ்சி. அதுக்கே இன்னமும் பேரு வைக்கல இவுக."

ப்ளீஸ் என்ற சொல்லுக்கும் ஒரு சீட்டு உண்டு. இந்தத் தோட்டத்தில் அதை நான் கேட்டது, துரை தன் மனைவியிடம் உப்பு கேட்டபோதுதான்.

எனக்கு இங்கிலீஷ் மேல் பகை இல்லை. தபாலில் வரும் பழைய பத்திரிகைகளை ஓரம் கிழியும்வரை படிக்கிறவன் நான். ஆனால் இன்னொருவர் வீட்டின் அன்றாடத்தை நம் வாயில் திணித்துவிட்டு, இனி நீயும் பேசத் தெரிந்தவள் என்று தட்டிக்கொடுக்கிறார்களே, அந்தக் கையை என்னால் பொறுக்க முடிவதில்லை. என் மகன் சண்முகத்துக்கு அந்த எரிச்சலும் கிடையாது. மலையிலேயே பிறந்தவன். சோறு போதும் என்பதற்கு மலையாளத்தில் "மதி" என்பான். பங்களா நாயை இங்கிலீஷில் கூப்பிடுவான். போடிக்குக் கூட்டிப்போனால் வெக்கை என்று முகம் சுளிப்பான். இந்தச் சீட்டுக் கட்டை அத்தையின் மடியிலிருந்து எடுத்து அவன்தான் முதலில் முழுவதும் படித்தான்.

வெள்ளையம்மாள் படிப்பில் மட்டமில்லை. அடுப்புக்கு முன்னால் ஒற்றைக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு எழுந்தேன், முகம் கழுவினேன், தீ மூட்டினேன் என்று இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே இருப்பாள். தலை, வயிறு, காய்ச்சல், நேற்று, இன்று எல்லாம் அவளுக்கு வந்துவிட்டன. ஒரே ஒரு சீட்டு வரும்போது மட்டும் அதைக் கவிழ்த்து அடியில் வைத்துவிடுவாள்.

4

அந்தச் சீட்டில் இருந்தது என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். தும்பிக்கை, இரண்டு தந்தம், முறம் போலக் காது, முதுகில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை. சீமைக் குழந்தைகள் வேடிக்கை பார்க்கப் போகும் இடத்தில் நிற்கும் பிராணி. அதற்கு அடியில் பெயர்.

எங்கள் பக்கத்து ஆட்கள் மெட்டைத் தாண்டி ஏறிவிட்டால், திரும்பி இறங்கும்வரை அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். பெரியவர் என்பார்கள், சில பேர் அவர் என்று மட்டும் சொல்வார்கள். பெயர் சொன்னால் கூப்பிட்டதாக ஆகும், கூப்பிட்டால் வருவார். காட்டுக்குள் ஆள் இருக்கும்போது லயத்தில் இருக்கிறவர்களும் சொல்லக்கூடாது. வந்தால் முதலில் காட்டில் இருப்பவர்களிடம்தானே வருவார். மூடப் பழக்கம் என்று அவர்கள் முகத்துக்கு நேராகவே நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் அதன் காரணம் புரியாதவன் இல்லை. குந்தி உட்கார்ந்து பறிக்கிறவளுக்குத் தலைக்கு மேல் இலை. நாலு முழத்துக்கு அப்பால் எதுவும் தெரியாது. காதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கிறவள் எதையும் சும்மா சொல்ல மாட்டாள்.

இங்கிலீஷில் சொன்னால் தோஷம் உண்டா என்று லயத்தில் ஒரு வழக்கே நடந்தது. ஆரம்பித்து வைத்தவன் நான்தான்.

"அது இங்கிலீஷ் படிச்சிருக்காது, தைரியமாச் சொல்லு" என்றேன் தங்கையிடம்.

காய் பறிக்கும் பெண்களுக்குத் தலைவி கருப்பாயி. தேவாரத்துக்காரி, ஆண் கங்காணியே அவளிடம் பதமாகத்தான் பேசுவான். அவள் சிரித்தாள்.

"ஏண்ணே, பங்களா நாயை எந்தப் பாசையில கூப்புடுறாக?"

"இங்கிலீஷில்."

"வருதா?"

"வருகிறது."

"தேக்கு இழுக்க வாராருல்ல, மரக்காரன் வளத்த பெரியவரு. அவருக்கிட்ட எந்தப் பாசை?"

"மலையாளம்."

"கேக்குறாரா? அம்புட்டுத்தேன். நம்ம பாசை தெரியாதது நம்ம துரைக்கு மட்டுந்தேன்."

பெண்கள் சிரித்த சிரிப்பில் அடுப்புப் புகை கலைந்தது.

5

பிரமாதீச வருஷம் ஐப்பசி. தீபாவளிக்குச் சில நாள் முன்பு. முந்தின இரவு பெரியவர் லயத்துக்கே வந்து கடைசி அறையின் மண்சுவரைச் சாய்த்துவிட்டுப் போயிருந்தார். உள்ளே இருந்த கூடைகள் நசுங்கின. ஆட்களுக்கு ஒன்றும் இல்லை. காலையில் கருப்பாயியின் மகளும் இன்னும் சில பெண்களும் முன்னதாகவே கிழக்குக் காட்டுக்குப் போய்விட்டார்கள். மற்றவர்கள் ஆள் கணக்குக்காகக் களத்தில் கூடி நின்றார்கள். துரைக்குத் தன் சாமர்த்தியத்தைக் காட்ட வேண்டுமென்று துரைசாணி சோதனையை அங்கேயே வைத்தாள்.

இன்று காலையில் என்ன செய்தாய் என்று கேட்டாள். வெள்ளையம்மாள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். நடுக்கமே இல்லை. துரை புருவத்தைத் தூக்கினார். எனக்குப் பெருமை வந்துவிட்டது.

"கண் ஏன் சிவந்திருக்கிறது?"

"தூக்கம் இல்லை."

"ஏன்?"

"அவர் வந்தார். சுவர் உடைந்தது. குழந்தைகள் அழுதன."

"யார் வந்தது?"

"அவர்."

துரைசாணிக்குச் சந்தோஷம். தானாகவே பாடம் அந்த இடத்துக்கு வந்துவிட்டதே. கட்டைப் பிரித்து அந்தச் சீட்டை எடுத்து நீட்டி, இதன் பெயர் என்ன என்று கேட்டாள்.

வெள்ளையம்மாள் தரையைப் பார்த்தாள்.

"இதுதான் எல்லாவற்றிலும் சுலபமான சீட்டு" என்றார் துரை. "எங்கள் ஊரில் பால் குடிக்கும் குழந்தை சொல்லும்."

நான் பல்லைக் கடித்துக்கொண்டு தமிழில் சொன்னேன்: "சொல்லித் தொலை தாயி. ஒரே ஒரு சொல். இல்லேன்னா ராசிங்காபுரம்."

"காட்டுல ஆளு இருக்குண்ணே."

"தீபாவளிக்கு உன் கொழுந்தன் வந்து நிப்பான்."

"வரட்டும். கருப்பாயி மக உள்ள இருக்கா."

துரைசாணி அவளுக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு அந்தச் சொல்லைத் தானே உரக்கச் சொன்னாள். மறுபடியும் சொன்னாள், இன்னும் உரக்க. எல்லோரும் சேர்ந்து சொல்லுங்கள் என்று களத்தைப் பார்த்துக் கையை ஆட்டினாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். புரியவில்லை போலிருக்கிறது என்று அவள் முடிவு செய்து, தான் கஷ்டப்பட்டுக் கற்றிருந்த தமிழில் அதே பெயரைத் தெளிவாக, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். பதினாறு வருஷத்தில் அந்தக் களத்தில் அந்தச் சொல் கேட்டது அன்றுதான்.

கருப்பாயி தன் கூடையைக் கவிழ்த்துத் தரையில் வைத்தாள்.

"ஆத்தாடி, பேரு சொல்லி வெத்தல பாக்கு வச்சுட்டா. வாங்கடி, இனி இங்கன நமக்கு என்ன சோலி? உள்ள இருக்குற பிள்ளைகளக் கூப்பிட்டுக்கிட்டுப் போவம்."

ஒரு கூடை, இன்னொரு கூடை, பிறகு எல்லாக் கூடைகளும் கவிழ்ந்தன. துரை சிரித்தார். மத்தியானத்துக்குள் திரும்பி வந்துவிடுவார்கள் என்றார். துரைசாணி வெள்ளையம்மாளைக் காட்டி, இவள் தேறவில்லை என்றாள்.

6

மத்தியானம் அவர்கள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஏலக்காய் காத்திருக்காது; பருவம் தப்பினால் பழுத்து வெடிக்கும், எலியும் அணிலும் பங்கு வைத்துக்கொள்ளும். கங்காணியை மெட்டுக்கு அனுப்பினார்கள். சவுக்கைக்குப் பக்கத்துக் கொட்டகையில் பெண்கள் தங்கியிருக்கிறார்கள், கூப்பிட்டால் அடுப்புக் கட்டையைத் தூக்குகிறார்கள் என்று அவன் வந்து சொன்னான். துரைக்குச் சிரிப்பு நின்றது. என்னைக் கூப்பிட்டு, யார் போனால் வருவார்கள் என்று கேட்டார்.

"பெயர் சொல்லாதவள் போனால் வருவார்கள்" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க நான் முயலவில்லை.

வெள்ளையம்மாள் கம்பு ஊன்றி நடந்தாள். நானும் கூடப் போனேன். கொட்டகை வாசலில் கருப்பாயி புகையிலை மென்றுகொண்டிருந்தாள்.

"வா வெள்ளையம்மா. வேலையும் போச்சு, காலும் போச்சு. அப்பறம் இங்க எதுக்கு வந்த?"

"கூப்பிட வந்தேன்க்கா."

"அவ மறுபடி சொல்ல மாட்டான்னு என்ன நிச்சயம்?"

"நான் அவளுக்குச் சொல்லிக் குடுக்கேன்."

"யாருக்கு, துரைசாணிக்கா?"

"அவ எனக்கு இத்தன சொல்லுக் குடுத்தாள்ல? நான் அவளுக்கு ஒண்ணு குடுக்கேன். அது வாயில ஏறுனதுக்கப்பறம் நீங்க வாங்க. ஏறலேன்னா நானும் இறங்கிடுறேன், உங்களோட."

கருப்பாயி எச்சிலைத் துப்பிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "மேல ஏறி வந்தது வந்துட்ட. உக்காரு, கஞ்சி குடி. நாலு பேரு வச்ச கஞ்சியில எது வேணும் ஒனக்கு?"

அடுத்த நாள் பங்களா வராந்தாவில் வெள்ளையம்மாள் அந்தச் சீட்டைத் தூக்கிப் பிடித்தாள். துரைசாணி வாயைக் கோணிக்கொண்டு "பெரியவர்" என்றாள். ரகரம் வரவில்லை. வெள்ளையம்மாள் தலையை ஆட்டி, மறுபடியும் சொல்ல வைத்தாள். துரை பக்கத்தில் நின்று, காய் வெடித்துக்கொண்டிருக்கிறது, சீக்கிரம் என்றார். மூன்றாவது தடவையில் வந்தது. வெள்ளையம்மாள் சீட்டைக் கட்டில் திரும்ப வைக்காமல் மடியில் செருகிக்கொண்டாள். பிறகு இங்கிலீஷில், தடுமாறாமல், "எனக்கு ஆஸ்பத்திரி வேலை, ப்ளீஸ்" என்றாள். துரை சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். சாயங்காலத்துக்குள் பெண்கள் திரும்பி வந்து கவிழ்ந்த கூடைகளை நிமிர்த்தினார்கள்.

நீதி ஜெயித்தது என்று எழுதினால் உங்களுக்கு இனிக்கும். ஆனால் அந்தத் துரைசாணி விருந்தாளிகள் வரும்போதெல்லாம் "பெரியவர்" என்று சொல்லிக் காட்டிச் சிரிக்கிறாள். தன் தோட்டத்து ஜனங்கள் எவ்வளவு வேடிக்கையானவர்கள் பாருங்கள் என்கிறாள். அந்தச் சிரிப்பை நான் தேநீர்த் தட்டுகளின் ஓசையோடு கேட்டிருக்கிறேன், மன்னிக்கவில்லை. கணக்கில் வெள்ளையம்மாளின் பெயருக்கு எதிரே ஆயா என்றுதான் எழுதச் சொன்னார்கள். டாக்டர் துரையால் அவள் இல்லாமல் ஒரு பெண்ணைக்கூடப் பார்க்க முடியாது, ஆனாலும் ஆயா.

கொழுந்தன் தீபாவளிக்குச் சொன்னபடி வந்தார். நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார். வெள்ளையம்மாள் பெஞ்சைக் காட்டினாளாம்: "உக்காருங்க கொழுந்தனாரே. முன்னால வந்தவுக இருக்காக. மொறை வந்தாக் கூப்பிடுவேன். ராத்திரி தூங்குனீகளா? வயிறு சரியாப் போகுதா?" அவர் உட்காரவில்லை. மாட்டுக்கு இப்போது அவரே தண்ணீர் காட்டுவதாகக் கேள்வி.

7

இளைஞரே, நீங்கள் கேட்ட சொற்கள் இந்த அளவுதான்: எழு, கழுவு, தின், தூங்கு, வலி, காய்ச்சல், நேற்று, இன்று. போடியில் எந்தப் பள்ளிக்கூடத்து வாத்தியாரும் நாலு நாளில் சொல்லிக் கொடுத்துவிடுவார். ப்ளீஸையும் படித்துக்கொள்ளுங்கள்; எங்கே செலவழிப்பது என்பதை வெள்ளையம்மாளிடம் கேளுங்கள். இவற்றால் மலை உங்களுக்கு வழிவிடாது. சவுக்கையில் மூட்டையைப் பிரிப்பார்கள், அட்டை கடிக்கும், உங்கள் பிள்ளை உங்கள் ஊரைப் பார்த்து முகம் சுளிப்பான். தெரிந்தே வாருங்கள்.

அந்தப் படச்சீட்டு இப்போது எங்கள் வீட்டு அரிசிப் பானைக்கு அடியில் இருக்கிறது. பழக்கம் மூடப் பழக்கம்தான். என் கருத்தில் மாற்றம் இல்லை. எழுதியதைத் திருப்பிப் படித்துப் பார்த்தேன். இவ்வளவு பக்கங்களில் ஓரிடத்திலும் அந்தப் பிராணியின் பெயரை நான் எழுதவில்லை. பத்திரிகைக்காரர் தெளிவுக்காகத் தாமே சேர்த்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சண்முகத்துக்கு இந்த ஆவணியில் வேலைக்குப் பேர் பதிந்தார்கள். இன்று அவன் கிழக்குக் காட்டில் இருக்கிறான்.